எதிர்ப்புத் தக்காளியும் பனிப்பூச்சியும்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியா மாநிலத்தின் நடுவே, இரு மலைத்தொடர்களுக்கு இடையில், வடக்குத் தெற்காக நீண்டதொரு சமவெளி கிடக்கின்றது. அதன் தென்பாகத்தைச் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு என்பர். மழை குன்றிய நிலமாயினும், வாய்க்கால் நீரும் ஓயாத வெயிலும் சேர்ந்து அதனை உலகின் பெரும் விளைநிலங்களுள் ஒன்றாக்கியுள்ளன. சோஸ், தக்காளிக் களி, தகரத்தில் அடைத்த தக்காளி முதலியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கென அந்நாட்டில் விளையும் தக்காளியில், நூற்றுக்கு 90 பங்குக்கு மேற்பட்டது கலிபோர்ணியாவிலேயே விளைகின்றது.

2016ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கின் பிரெஸ்னோ மாவட்டத்துத் தக்காளி வயல்கள் சிலவற்றில் கமக்காரர் எதிர்பாராத காட்சியொன்றைக் கண்டனர். செடிகளின் இளந்தளிர்கள் வெண்கல நிறம் பூண்டு சுருங்கின. இலைகளிலே சிறு கரும்புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று கலந்தன. நுனிக் கொழுந்துகள் கருகித் தொங்கின. காய்களின் மேல் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் எழுந்தன. புள்ளி வாடல் நோயின் அடையாளங்கள் இவை என்பதை அறியாதார் அங்கு இலர். ஆயினும், அவ்வயல்களில் நடப்பட்டிருந்தவை அந்நோயைத் தாங்கும் என்று சான்று பெற்ற எதிர்ப்பு வர்க்கத் தக்காளிகள். அதற்கெனவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய விதையிலிருந்து முளைத்தவை. காவலுக்கு வைத்த நாயே கள்வனைக் கண்டு வாளாவிருந்தாற்போன்ற நிலை அது.

எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லைக் கேட்டவுடன், நோய் அணுகவே முடியாத அரணொன்றை மனம் கற்பனை செய்துகொள்கிறது. விதை வணிகரோ அச்சொல்லை அளந்தே வழங்குகின்றனர். நோய் சிறிதும் தொற்றாத நிலைக்கு வேறு பெயர் உண்டு. 'எதிர்ப்பு' என்பது, நோய்க் கிருமி தன்னுள் பெருகுவதையும் அதனால் விளையும் சேதத்தையும், எதிர்ப்பில்லாத வர்க்கத்தோடு ஒப்பிடுமிடத்து, மட்டுப்படுத்தும் ஆற்றல் மட்டுமே. அதிலும் உயர்ந்த எதிர்ப்பு, இடைத்தர எதிர்ப்பு என இரு படிகள் உள. கிருமி மாறிவிட்டால் அந்த எதிர்ப்பும் குலையலாம் என்ற எச்சரிக்கையும் உடன் சொல்லப்படுவதுண்டு. பொதியின் முகப்பிலே பெரிய எழுத்தில் நிற்கும் ஒரு சொல்லுக்கும், அதன் பொருளை வரையறுக்கும் சிற்றெழுத்துக்கும் இடையே எத்தனையோ கமக்காரரின் ஓராண்டு உழைப்பு சிக்கிக்கொள்கிறது. ஆகவே, இந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது, எதனை எதிர்க்கிறது, ஏன் தோற்றது என்பனவற்றை முதலிலிருந்து அறிதல் வேண்டும்.

இந்நோயை முதன்முதலில் மனிதர் கண்டு குறித்தது அவுஸ்திரேலியாவில். 1915ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்துத் தக்காளித் தோட்டங்களிலே அது தென்பட்டது. 1919இல் பிரிட்டில்பாங்க் என்ற தாவர நோயியல் அறிஞர் அதற்குப் புள்ளி வாடல் என்னும் கருத்துடைய பெயரைச் சூட்டினார். நோயை விளைப்பது பற்றீரியாவா, பங்கசா, மண்ணின் குற்றமா என்பது அப்போது தெளிவாகவில்லை. 1927இல் பிற்மன் என்பார், ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்கு அந்நோயைக் கொண்டு செல்வது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிறு பூச்சி என்பதைக் காட்டினார். 1930இல் சாமுவேல், போல்ட், பிற்மன் ஆகிய மூவரும் அதன் காரணி ஒரு வைரசு என்பதை நிறுவினர். நோயைக் கண்டதற்கும் காரணியைக் கண்டதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாத அக்காலத்தில் இது தாமதமன்று, விரைவென்றே கொள்ளத்தக்கது.

அந்தச் சிறு பூச்சியை இலைப்பேன் என்றும், பனிப்பூச்சி என்றும் தமிழிலே வழங்குகின்றனர். வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர் அதனை நன்கு அறிவர். அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படுவது அரிது. வெள்ளைத் தாள் ஒன்றைப் பூவின் கீழே பிடித்துத் தட்டினால், தூசித் துணுக்குகள் போல விழுந்து, பிறகு அத்துணுக்குகளே நடக்கத் தொடங்குவதைக் காணலாம். இறக்கைகள் சவ்வுப் பரப்பாக விரியாமல், மெல்லிய தண்டின் இருபுறமும் மயிர் கட்டிய சாமரம் போல இருக்கும். அத்தகைய இறக்கையால் வலிந்து பறத்தல் இயலாது; ஆயினும் காற்றிலே மிதந்து செல்ல அதுவே சாலச் சிறந்தது. ஆகவே, பூச்சி போகுமிடம் பெரும்பாலும் காற்றின் போக்கைப் பொறுத்தது. அதன் வாயின் அமைப்போ இன்னும் விந்தையானது. இரு தாடைகளுள் ஒன்று மட்டுமே அதற்கு வளர்ந்திருக்கிறது. அந்த ஒற்றைத் தாடையை ஊசியாகக் கொண்டு தாவரக் கலத்தைத் துளைத்து, உமிழ்நீரைச் செலுத்தி, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சுகிறது. உமிழ்நீர் செல்லும் அந்த வழியே வைரசும் செல்லுகிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது கறைபட்ட ஊசி ஒன்றின் கதையாக முடிந்திருக்கும். உண்மை அதனினும் நுட்பமானது. பனிப்பூச்சியின் முட்டை இலைத் திசுவினுள்ளே புதைத்து இடப்படுகிறது. அதிலிருந்து வரும் குடம்பி இரு பருவங்களில் இலையையும் பூவையும் தின்று வளர்கிறது. பின்னர் பெரும்பாலும் மண்ணில் விழுந்து, உண்ணாமல் சில நாட்கள் கிடந்து, இறக்கை முளைத்த நிறைவுடலியாக வெளிவருகிறது. வெப்பமான காலத்தில் இந்தச் சுற்று முழுவதும் ஏறத்தாழ இரு வாரங்களில் முடிந்துவிடும். வைரசைப் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பு, இச்சுற்றிலே குடம்பிப் பருவத்துக்கு மட்டுமே உண்டு. இளங் குடம்பி நோயுற்ற செடியைத் தின்றால், வைரசு அதன் குடலில் நுழைந்து, அங்கே பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. குடம்பியின் சிற்றுடலில் குடலும் சுரப்பியும் நெருங்கியிருத்தலால் அப்பயணம் எளிதாகிறது. வளர்ந்த பூச்சி முதன்முறையாக நோயுற்ற செடியை உண்டாலோ, வைரசு குடலினுள் புகக்கூடும். சுரப்பியை எட்டிப் பிறிதொரு செடிக்குப் பரவுவதில்லை. ஆனால், குடம்பியாக இருக்கையில் அதனைப் பெற்ற பூச்சி, தன் வாழ்நாள் முழுவதும் நோய் பரப்பும். அதன் முட்டைகளுக்கு மட்டும் வைரசு செல்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் நோயை நோயுற்ற செடியிலிருந்து புதிதாகவே பெற வேண்டும்.

விஞ்ஞானிகளுக்குச் சுவையான செய்தி என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. கமக்காரர் செய்யவேண்டிய வேலைகளுள் பாதி இதிலிருந்தே பிறக்கிறது. எந்தச் செடியிலே பனிப்பூச்சி முட்டையிட்டு, அந்தக் குடம்பி அங்கேயே வளர்கிறதோ, அந்தச் செடி நோயுற்றதாக இருந்தால் மட்டுமே அடுத்த தலைமுறைப் பூச்சி ஆபத்தானதாகும். ஆகவே, பூச்சியை எண்ணிக்கொண்டிருப்பதிலும், அப்பூச்சி பிறந்த செடி எது என்று தேடுவதே பயன் தரும்.

தேடத் தொடங்கினால் திகைப்பே மிஞ்சும். புள்ளி வாடல் வைரசு தொற்றக்கூடிய தாவரங்கள் 1,000 இனங்களுக்கு மேற்பட்டவை. அவை 80க்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவை. தக்காளி, மிளகாய், புகையிலை, நிலக்கடலை, சலாதுக்கீரை ஆகிய பயிர்களும், செவ்வந்தி போன்ற பூச்செடிகளும், வரப்போரத்துக் களைகளும் அவற்றுள் அடங்கும். களைகளுட் பல நோயின் அறிகுறி எதையும் வெளிக்காட்டாமலே வைரசைச் சுமந்து நிற்கும். மனிதரால் வெறுக்கப்படும் அச்செடிகள், குளிர்காலம் முழுவதும் வைரசுக்கு வீடாக இருந்து, வசந்தத்தில் அதனைத் தக்காளி வயலுக்கு அனுப்பிவைக்கின்றன.

உலகம் முழுவதும் இந்நோய் பரந்ததற்கு வாணிபமும் ஒரு காரணம். நோய் பரப்பும் பனிப்பூச்சி இனங்கள் சிலவற்றுள் மிகத் திறமையானது, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட மேற்குப் பூப் பனிப்பூச்சி. 1970களின் இறுதி வரை பெரிதும் தன் தாயகத்திலேயே இருந்த அப்பூச்சி, 1980களில் கண்டங்களைக் கடந்து பரவியது. 1983இல் ஒல்லாந்து நாட்டுக் கண்ணாடி வீட்டுப் பயிர்களில் அது காணப்பட்டது. பின்னர் ஐரோப்பாவின் பல நாடுகளையும் எட்டியது. பூங்கொத்துக்களும் நாற்றுக்களும் விமானத்தில் ஏறிய காலத்தில், பூவின் இதழ் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியும் சீட்டில்லாப் பயணியாக ஏறிக்கொண்டது. சுங்கச் சாவடியில் அதனைக் காணக் கண் போதாது.

பூச்சிநாசினி தெளித்துப் பூச்சியைக் கொன்றுவிட்டால் நோய் ஒழியாதோ என்று நேயர்கள் வினவக்கூடும். முயலாமல் இல்லை. ஆயினும் அவ்வழியில் மூன்று இடர்கள் உள. பூச்சி உறைவது பூவுக்குள்ளும் மொட்டின் இடுக்கிலும். மருந்து அங்கே எளிதிற் புகாது. முட்டை திசுவுக்குள்ளும், உறங்கும் பருவம் மண்ணுக்குள்ளும் மறைந்திருக்கும். இரண்டாவதாக, வெளியிலிருந்து காற்றில் வந்து இறங்கும் பூச்சி, மருந்தினால் மடியுமுன் சில நிமிட நேரம் உறிஞ்சினாலே போதும், வைரசு செடியினுள் சென்றுவிடும். மூன்றாவது இடர் எல்லாவற்றிலும் பெரிது. பனிப்பூச்சிகளில் ஆண், கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. தாயின் பரம்பரையலகுகளில் ஒரு பிரதி மாத்திரமே அதற்கு உண்டு. மருந்தைத் தாங்கும் பண்பு ஏதேனும் தோன்றுமாயின், அது மறைந்து கிடவாமல் ஆண் பூச்சியில் உடனே வெளிப்பட்டு, தெளிப்பினால் தெரிந்தெடுக்கப்படுகிறது. ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கரையில், நெகிழித் தாள் மூடிய பந்தல்களின் கீழ் மரக்கறி விளையும் பிரதேசத்தில், முன்னர் நன்கு பயன்பட்ட ஸ்பைனோசாட் என்ற மருந்துக்கும் அடங்காத பனிப்பூச்சிகள் பெருகின. அளவு மீறித் தெளிப்பவர், பனிப்பூச்சியை உண்ணும் பிற பூச்சிகளையும் கொன்று, பகைவனுக்கே துணை செய்தவராகின்றனர்.

இந்நிலையில்தான் செடியையே வலியதாக்கும் வழியை அறிஞர் நாடினர். தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மலைச் சரிவுகளில் காட்டுத் தக்காளி இனங்கள் வளர்கின்றன. அவற்றின் பழம் சிறியது, பச்சை நிறத்தது, சந்தையில் எவரும் விரும்பாதது. ஆயினும் அவற்றுள் ஓரினத்தின் உடலிலே புள்ளி வாடல் வைரசைத் தடுக்கும் பரம்பரையலகு ஒன்று உறைந்திருந்தது. தென்னாபிரிக்காவில் அதனைத் தோட்டத் தக்காளியுடன் கலந்து, 'ஸ்டீவன்ஸ்' என்னும் வர்க்கத்தை 1960களில் உருவாக்கினர். எஸ்-டபிள்யூ ஐந்து என்று இன்று உலகம் வழங்கும் பரம்பரையலகு அதன் வழியாகவே தக்காளிப் பயிருக்குள் நுழைந்தது. அது ஆட்சியுடைய பரம்பரையலகு. ஆகையால் பெற்றோர் இருவருள் ஒருவர் வழியாக வந்தாலே போதும். கலப்பின விதை செய்வோருக்கு இதைவிட வசதியான பண்பு கிடைத்தல் அரிது. அதன் பின்னர் எதிர்ப்பு வர்க்கம் என்று விற்கப்பட்ட தக்காளிகளுட் பெரும்பாலானவை இந்த ஒரே பரம்பரையலகையே நம்பியிருந்தன.

அது செய்யும் காவலை ஓர் உவமையால் விளக்கலாம். வைரசு ஒரு கலத்தில் புகுந்தபின், அடுத்த கலத்துக்குச் செல்ல வழி வேண்டும். தாவரக் கலங்களின் சுவர்களில் மிக நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவை வைரசு நுழையப் போதியவையல்ல. அவ்வாயிலை அகலத் திறப்பதற்கென வைரசு ஒரு புரதத்தைச் செய்துகொள்கிறது. எஸ்-டபிள்யூ ஐந்து என்ற காவற்காரன் அந்தப் புரதத்தின் முகத்தை அறிந்தவன். அதனைக் கண்டதும் அவன் வைரசோடு மல்லுக்கட்டுவதில்லை. தொற்றிய கலத்தையும் அயற் கலங்கள் சிலவற்றையும் மடியச் செய்கிறான். தீப்பிடித்த குடிசையைச் சுற்றியுள்ள வேலிகளை வெட்டி வீழ்த்துவது போன்ற உபாயம் இது. வைரசு மாண்ட கலங்களின் நடுவே சிறைப்பட்டுப் போகிறது. இலையில் ஒரு சிறு புள்ளி எஞ்சும், செடி பிழைக்கும்.

ஆயின், காவற்காரன் கள்வனை அறிவது முகத்திலுள்ள ஒரு சிறு அடையாளத்தைக் கொண்டுதான். வாயில் திறக்கும் அந்தப் புரதம் 302 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அம்மாலையில் 118ஆம் மணியாக இருக்கும் சிஸ்டீன் என்பதற்குப் பதிலாக டைரோசின் அமைந்துவிட்டால், அல்லது 120ஆம் மணியாகிய திரியோனின் அஸ்பரஜினாக மாறிவிட்டால், காவற்காரனுக்கு அடையாளம் தெரிவதில்லை. புரதமோ தன் வேலையை முன்போலச் செய்துகொண்டிருக்கிறது. இவற்றுள் எந்த மாற்றத்துக்கும் வைரசின் பரம்பரை எழுத்துக்களில் ஒன்று மாறினாற் போதும். வைரசின் எழுத்துக்கள் மொத்தம் ஏறக்குறைய 16,600. அவற்றுள் ஒரே எழுத்து! வைரசு தன்னைப் பிரதி செய்கையில் பிழை திருத்துவாரை வைத்துக்கொள்வதில்லை. எழுத்துப் பிழைகள் ஓயாமல் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகள் வைரசுக்கே கேடாக முடியும். எதிர்ப்பில்லாத தக்காளி நிறைந்த வயலில், இந்த 118ஆம் இடத்துப் பிழை எவ்வித இலாபமும் தராமல் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துபோகும். எதிர்ப்புத் தக்காளி மட்டுமே நிறைந்த வயலிலோ, பிழையுற்ற அவ்வைரசு ஒன்றே பிழைத்துப் பெருகும். வைரசு திட்டமிட்டு மாறியதென்று எண்ணுதல் தவறு. பிழை முன்னரும் நேர்ந்ததுதான். அதற்குப் பரிசளித்தது வயல்.

இது கலிபோர்ணியாவில் முதன்முதலில் நேர்ந்ததன்று. ஹவாய்த் தீவுகளிலும், எதிர்ப்பு வர்க்கம் பிறந்த தென்னாபிரிக்காவிலும், நோய் முதலிற் கண்ட அவுஸ்திரேலியாவிலும் 1990களிலேயே இத்தகைய வைரசுகள் அறியப்பட்டன. ஸ்பெயின் நாட்டிலிருந்து 2003இலும், இத்தாலியிலிருந்து 2005இலும் அறிவித்தல்கள் வெளிவந்தன. எந்த எழுத்து மாறியது என்பதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் 2011இல் சுட்டிக்காட்டினர். அதாவது, பிரெஸ்னோ வயல்களில் தளிர் கருகுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, எங்கே எது உடையும் என்பது அச்சில் ஏறியிருந்தது. எனினும் தனித்தனிக் கமக்காரர் மீது குறை கூறுவதற்கு இடமில்லை. 2000களின் நடுப்பகுதியில் அப்பள்ளத்தாக்கில் புள்ளி வாடல் கடுமையாகத் தாக்கியபோது, கைக்கெட்டிய மருந்து அந்த விதை ஒன்றே. அது பல ஆண்டுகள் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. ஒவ்வொருவரும் தத்தம் வயலுக்கு உகந்ததைச் செய்தனர். எல்லாரும் ஒன்றையே செய்ததால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பூட்டினால் பூட்டப்பட்டது. 2016இல் கண்ட வைரசிலும் அதே 118ஆம் இடத்து மாற்றமே இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது அயல் மாவட்டங்களுக்கும் பரவியது.

எதிர்ப்பு வயலில் நோயுற்ற செடி ஒன்றைக் கண்டவுடனே புதிய வைரசு வந்துவிட்டது என்று கூக்குரலிடுதலும் பொருந்தாது. பழைய வைரசினாலும் எதிர்ப்புச் செடிகள் சில நோயுறுவதுண்டு. வெப்பம் மிகுந்த காலத்தில் அந்தக் காவல் தளர்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பரம்பரையலகைப் பெற்ற செடியிலும், ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற செடி சற்று மெலிந்ததாக இருக்கலாம். பூச்சிகள் நேரே காயைக் குத்தும்போது, இலையெல்லாம் பசுமையாக நிற்கும் செடியிலும் காயில் மட்டும் வளையங்கள் தோன்றும். நூறு செடிகளில் நாலைந்து அங்குமிங்குமாக நோயுற்றிருந்தால், அது பழைய பகையின் கைவரிசையாகவே இருக்கக்கூடும். செடிகள் திரள்திரளாக, அடி முதல் நுனி வரை கருகினாலே ஐயம் கொள்ள வேண்டும். வயலிலேயே சில நிமிடங்களில் வைரசைக் கண்டறியும் சோதனைப் பட்டைகள் இப்போது கிடைக்கின்றன; ஆனால் அவை புள்ளி வாடல் வைரசு உண்டு என்று மட்டுமே கூறும். அது எதிர்ப்பை முறித்த வைரசோ அன்றோ என்பதை அறிய, ஆய்வுகூடத்திலே அந்த ஓர் எழுத்தைப் படித்துப் பார்த்தல் வேண்டும். இவ்வேறுபாடு முக்கியமானது. பழைய வைரசாயின், அடுத்த பருவத்திலும் அதே விதை பயன்படும். புதியதாயின், அவ்விதைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை இந்நோயைப் பொறுத்தவரை வீண்.

பூட்டு உடைந்தபின் பள்ளத்தாக்கின் கமக்காரர் என்ன செய்தனர்? புதுமையாக ஒன்றுமில்லை. எதிர்ப்பு விதை வருமுன் பல்கலைக்கழகத்தாரும் அவர்களும் சேர்ந்து கற்றிருந்த வேலைகளுக்கே திரும்பினர். டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துத் தாவர நோயியல் அறிஞர் கில்பெர்ட்சனும் அவருடைய துணைவரும், மஞ்சள் ஒட்டுத் தாள்களை வயலோரங்களில் நட்டு, பனிப்பூச்சி எப்போது பெருகுகிறது, எச்செடியில் வைரசு குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று ஆண்டுக்கணக்காகத் தேடியிருந்தனர். கசப்புச் சுவையுள்ள ரடிக்கியோ என்னும் இலைக்கறி, சலாதுக்கீரை, குளிர்கால அவரை போன்ற பயிர்கள், ஒரு தக்காளிப் பருவத்துக்கும் மறு பருவத்துக்கும் இடையே வைரசுக்குப் பாலமாக அமைகின்றன என்று கண்டனர். அறுவடை முடிந்த ரடிக்கியோ வயலை உழாமல் விட்டால், மிஞ்சிய செடிகள் பூத்து, அப்பூக்களிலே வைரசு சுமந்த பனிப்பூச்சிகள் ஒரு தலைமுறை பெருகி, பக்கத்து வயலில் அப்போதுதான் நட்ட தக்காளி நாற்றின்மீது காற்றோடு வந்து இறங்கும். இதற்கு மருந்து, அறுவடை முடிந்தவுடன் அவ்வயலை உழுதுவிடுவது. வாதுமைத் தோப்புக்களிலும் தரிசு நிலங்களிலும் குளிர்காலத்தில் முளைக்கும் களைகளை, அவை பூக்குமுன் அழிப்பது. நோயில்லாத நாற்றுமேடையிலிருந்து நாற்றைப் பெறுவது. பழைய தக்காளி வயலுக்கு அருகே பிந்திய நடுகையைத் தவிர்ப்பது. ஏனெனில், பருவம் முதிர முதிரப் பூச்சியின் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரள்கின்றன. தெளிப்பதானால், நாள் எண்ணித் தெளிக்காமல், அன்றாட வெப்பநிலையைக் கணக்கிட்டு, அடுத்த தலைமுறை வெளிவரும் வேளையை முன்னறிந்து, மருந்தின் வகையை மாற்றி மாற்றித் தெளிப்பது.

இவ்வேலைகளுள் பெரும்பாலானவை தன் வேலிக்குள் நின்றே முடியாதவை. ரடிக்கியோ பயிரிட்டவருக்கு அறுவடை முடிந்தபின் அவ்வயலால் நட்டமில்லை. அதனை உழும் செலவு அவருடையது, பயனோ அயலவருடையது. தரிசு நிலத்துக்கு உரியவர் தக்காளியே பயிரிடாதவராக இருக்கலாம். விதை வாங்குவது ஒருவர் தனித்துச் செய்யக்கூடிய காரியம். களை பிடுங்குவது ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியம். எதிர்ப்பு விதையின் பெரிய கவர்ச்சி, அயலாரிடம் போய்ப் பேசவேண்டிய தேவையை அது இல்லாமற் செய்ததே என்று சொன்னால் மிகையாகாது. அந்த விதை வலுவாக இருந்த ஆண்டுகளில் களையும் பாலப் பயிரும் முன்போல் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. வைரசு பெருக இடம் மிகுந்தது. பெருகுந்தோறும் எழுத்துப் பிழைகளும் மிகுந்தன. ஆகவே, களை அகற்றுதல் எதிர்ப்பு விதைக்கு மாற்று வழி என்று எண்ணுவதிலும், அவ்விதையின் ஆயுளை நீட்டும் வழி என்று கொள்ளுவதே பொருத்தம். வயலைச் சுற்றி வைரசு குறைவாக இருக்குமளவுக்கு, அந்த ஓர் எழுத்து மாறிய வைரசு எழும் வாய்ப்பும் குறையும்.

தென்னாசியாவில் நிலைமை வேறு. இந்தியாவில் நிலக்கடலைப் பயிரின் மொட்டுக்களைக் கருகச் செய்யும் மொட்டுக் கருகல் வைரசு, புள்ளி வாடல் வைரசுக்கு நெருங்கிய உறவினது. அதுவும் பனிப்பூச்சியாலேயே, ஆனால் வேறோர் இனத்துப் பனிப்பூச்சியால், பரவுகிறது; தக்காளியையும் தாக்குகிறது. எஸ்-டபிள்யூ ஐந்து அறிந்திருக்கும் முகம் அமெரிக்க வகை வைரசுகளின் முகம். ஆசிய வகையின் புரதத்தில் அந்த அடையாளம் இயல்பாகவே இல்லை. ஆகவே மேல்நாட்டு விதைப் பொதியில் புள்ளி வாடலுக்கு எதிர்ப்பு என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, பனிப்பூச்சி பரப்பும் எந்த நோயையும் அது தாங்குமென்று நம்பிவிடலாகாது. வெண் ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோய்க்கோ அது முற்றிலும் புறம்பானது.

புதிய எதிர்ப்புக்கான தேடல் நின்றுவிடவில்லை. சிலி நாட்டின் பெயர் தாங்கிய மற்றொரு காட்டுத் தக்காளி இனத்திலிருந்து, எஸ்-டபிள்யூ ஏழு என்னும் வேறொரு பரம்பரையலகைப் பெற்றுள்ளனர். பழைய எதிர்ப்பை முறித்த வைரசுகளையும் அது தாங்குகிறது. அதனைத் தனித்து விற்றால், மற்றொரு பூட்டுக்கு மற்றொரு சாவி பிறப்பதற்கு நாள் எண்ணவேண்டியதுதான். இரண்டையும் ஒரே செடியில் சேர்த்தால், வைரசு ஒரே வேளையில் இரு பிழைகளைச் சரியான இடங்களில் செய்தாலன்றித் தப்ப இயலாது. அது நிகழாதென்று எவரும் உறுதி கூறார். மிக அரிதென்று கூறலாம். வேறு சிலர் வைரசை விட்டுவிட்டுப் பூச்சியின்மீதே கண் வைத்துள்ளனர். பென்னெல்லி எனப்படும் காட்டுத் தக்காளியின் இலை மயிர்களில் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருள் ஒன்று சுரக்கிறது. அதிலே சிறு பூச்சிகள் தங்கி உண்ண விரும்புவதில்லை. நியூயோர்க் மாநிலத்துக் கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே அப்பண்பைத் தோட்டத் தக்காளிக்குக் கொண்டுவந்துள்ளனர். இப்பண்பு ஒரு பரம்பரையலகில் அடங்குவதன்று. பலவற்றின் கூட்டு விளைவு. ஆதலால் ஒரே தலைமுறையில் அதனை ஒரு நல்ல வர்க்கத்துக்குள் புகுத்திவிட முடியாது. அவ்வாறு புகுத்திய செடிகளைக் காய்ப்பும் பழத்தின் தரமும் குன்றாத வர்க்கங்களுடன் மீண்டும் மீண்டும் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் இலையைத் தடவிப் பிசுபிசுப்புள்ளதைத் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது.